வாண்டா டெஸ்ஸலேட்டா: மண் இல்லாமல் மரப்பட்டையில் வளரும் நம் சமவெளி ஆர்க்கிட்

கிழக்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வறண்ட காடுகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் மரக்கிளைகளில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் இது. சித்திரை வெயிலைத் தாங்கும். ஏற்காட்டுக் குளிரும் வேண்டாம், கண்ணாடிக் கூடாரமும் வேண்டாம். சோழமண்டலக் கரையின் தாவரங்களை விவரித்த வில்லியம் ராக்ஸ்பர்க் 1795-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். ‘டெஸ்ஸலேட்டா’ என்றால் சதுரக் கல் பதித்த தரை போன்றது என்று பொருள். மஞ்சளும் பச்சையும் கலந்த இதழில் பழுப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக ஓடுவதைப் பார்த்தால் பெயருக்குக் காரணம் புரியும். நடுவில் உதடு போல் நீண்ட ஊதா நிற இதழ், கூடவே நல்ல மணம்.

இவ்வளவு உறுதியான செடி வீட்டுக்கு வந்ததும் சாகிறதென்றால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். தொட்டியில் மண்ணைப் போட்டு நட்டுவிடுகிறோம். இதன் வேர் மண்ணுக்கானதே அல்ல. பருத்த அந்த வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம். தண்ணீர் பட்டதும் அந்த உறை உறிஞ்சிக்கொள்ள, உள்ளிருக்கும் பச்சை தெரியும். நன்றாக நனைந்த வேரை உற்றுப் பாருங்கள். பச்சைக்கு நடுவே சின்னச் சின்ன வெள்ளைக் கீற்றுகள் நனையாமல் நிற்கும். அவை வேர் மூச்சுவிடும் வழிகள். ஈர மண்ணில் புதைத்தால் அந்த வழி அடைபட்டு, பத்துப் பதினைந்து நாளில் வேர் கூழாகிவிடும். நனைய வேண்டும், பிறகு சில மணி நேரத்தில் காய வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இதற்காகத்தான்.

செடி வாங்கும்போது

காட்டில் பிய்த்து வந்த செடியை வாங்காதீர்கள். அடையாளம் எளிது. வேரின் ஒரு பக்கம் தட்டையாக, பட்டைத் துணுக்கு ஒட்டியபடி கிழிந்திருக்கும். முதிர்ந்த இலைகளில் பாசியும் மரப்பாசித் திட்டுகளும் இருக்கும். ஆய்வகக் குடுவையில் விதையிலிருந்து வளர்த்த செடிகள் ஒரே அளவில், சுத்தமான உருண்டை வேர்களோடு வரும். வனத்துறை நிலத்திலிருந்து எடுப்பது குற்றம். புயலில் விழுந்த கிளையில் இருந்தாலும் அனுமதி வேண்டும். வங்கத்தில் ‘ராஸ்னா’ என்ற பெயரில் இதன் வேர் மருந்துச் சரக்காகவும் போகிறது (தெற்கே அந்தப் பெயருக்கு அரத்தையைத்தான் எடுப்பார்கள்). ஏற்கெனவே இப்படி அள்ளப்படும் செடியை நாமும் காட்டிலிருந்து எடுக்க வேண்டியதில்லை.

கட்டுவது

கோடை மழை ஒன்றிரண்டு பெய்து, வேர் நுனிகள் பச்சையாக நீளத் தொடங்கும் வைகாசி, ஆனிதான் செடியை மரக்கட்டையில் கட்ட நல்ல காலம். வேர் உறங்கும் மார்கழியில் கட்டினால் மாதக்கணக்கில் பிடிக்காமல் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஒரு சாண் செடிக்கு 30 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் உள்ள கட்டை போதும். பட்டை உரியாத மா, பலா, புளி நல்லவை. கொய்யாவும் யூகலிப்டஸும் பட்டையை உரித்துப் போடும் மரங்கள். பட்டையோடு செடியும் விழும். கரையானுக்கு மருந்து ஏற்றிய மரம் கூடவே கூடாது. அதில் சேர்க்கும் செம்பு வேர் நுனியைக் கருக்கும். தேங்காய் மட்டை என்றால் ஒரு வாரம் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றிச் சாயம் இறங்கிய பிறகு பயன்படுத்துங்கள். அது இரண்டு, மூன்று ஆண்டில் மக்கிவிடும் என்பதால் கட்டையே மேல்.

வேர்களை 20 நிமிடம் தண்ணீரில் ஊறவிடுங்கள். காய்ந்த வேர் ஒடியும், ஊறிய வேர் வளையும். அழுத்தினால் உள்ளீடற்று நசுங்கும் வேர்களைத் தீயில் காட்டிய பிளேடால் வெட்டிவிடுங்கள். செடியின் குருத்து வெளிப்பக்கம் சற்றே சாயும்படி கட்டையில் வையுங்கள். நேராக நிறுத்தினால் மழைத்தண்ணீர் குருத்தில் தேங்கும். பழைய பருத்திப் புடவையைக் கிழித்த நாடாவாலோ தூண்டில் நரம்பாலோ இரண்டு இடத்தில் கட்டுங்கள்: அடித்தண்டில் ஒன்று, பருத்த வேர்களின் மேல் ஒன்று. பச்சை நுனியின் மேல் கட்டு விழக்கூடாது. இரும்பு, செம்புக் கம்பி வேண்டாம். தேங்காய் நாரை அணில் கூட்டுக்கு உருவிக்கொண்டு போய்விடும்.

கட்டி முடித்ததும் செடியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். அசையும் செடியில் ஒவ்வொரு காற்றுக்கும் வேர் நுனி பட்டையில் உரசித் தேய்ந்து நின்றுபோகும். ‘பிடிக்கவே இல்லை’ என்பவர்களில் பலருக்குக் கோளாறு இங்கேதான்.

முதல் மூன்று வாரம் நிழல். புது வேர் நுனி பட்டையைத் தொடும்வரை உரம் கிடையாது. தோட்டத்தில் சொரசொரப்பான பட்டையுள்ள மாமரம் இருந்தால், அதன் கிழக்குப் பக்கம் ஆளுயரத்தில் நேரடியாகக் கட்டலாம். அந்த மரத்துக்கு மருந்து அடிக்கிறவர்கள் வேறு இடம் பாருங்கள்.

வெயிலும் தண்ணீரும்

காலை பத்து, பத்தரை வரை நேர் வெயில். பிறகு மர இலைகளின் ஊடே ஒளி விழும் நிழல் அல்லது 50 சதவீத நிழல்வலை. இலைதான் அளவுகோல். கரும்பச்சையாக, தளர்ந்து தொங்கினால் வெளிச்சம் போதாது. அந்தச் செடி வருடக்கணக்கில் பூக்காது. இளமஞ்சள் கலந்த பச்சையாக, விறைப்பாக இருந்தால் சரி. வெளுத்த திட்டு விழுந்து பிறகு கருகினால் வெயில் சுட்டிருக்கிறது. இடத்தை மாற்றும்போது இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்குப் பழக்குங்கள்.

பங்குனி முதல் ஆனி வரை காலையில் வேர் முழுதும் பச்சையாகும்வரை ஊற்றுங்கள். ஒரு தடவை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு இன்னொரு தடவை ஊற்றினால் உறை நிறையக் குடிக்கும். மாலை நான்கு மணிக்கு வேருக்கு மட்டும் ஒரு தெளிப்பு. இருட்டுவதற்குள் இலையிடுக்கு காய்ந்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கையால் ஊற்றவே வேண்டாம். தொடர்ந்து மூன்று நான்கு நாள் பெய்தால் கட்டையைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவாருங்கள். மார்கழி, தையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை போதும்.

ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர் இதற்கு ஆகாது. கட்டையில் வெள்ளைப் படிவு, வேர் நுனியில் கருப்பு என்று காட்டிக்கொடுக்கும். மாடியில் விழும் மழைத்தண்ணீரைப் பிடித்து வையுங்கள். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு (டிடிஎஸ்) 200-க்குள் இருந்தால் நிம்மதி. வேறு வழியில்லாமல் உப்புத் தண்ணீரை ஊற்றினால் வாரம் ஒருநாளாவது மழைத்தண்ணீரால் அலசுங்கள்.

உரம்: உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள உரம்), லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை. முதலில் வெறும் தண்ணீரால் வேரை நனைத்துவிட்டு, அதன் மேல் தெளியுங்கள். காய்ந்த வேர் உப்பை ஒரேயடியாக உறிஞ்சிக் கருகும். மார்கழி, தையில் நிறுத்திவிடலாம். சாணம், பஞ்சகவ்யம் எல்லாம் மண்ணுக்கு நல்லவை. இங்கே வேர் உறையை அடைத்துப் பூஞ்சையை அழைக்கும்.

கோடையில் இலையிடுக்கிலிருந்து புதிதாக ஒன்று எட்டிப் பார்க்கும். நுனி உருண்டு வழவழப்பாக இருந்தால் வேர். சற்றுத் தட்டையாக, அடுக்கிய செதில்களோடு இருந்தால் பூந்தண்டு. பூந்தண்டைக் கண்டபின் கட்டையைத் திருப்பி மாட்டாதீர்கள். ஒளியைத் தேடித் தண்டு முறுக்கிக்கொள்ளும். நன்றாக வளர்ந்த செடி ஒரு தண்டில் ஐந்து முதல் பத்துப் பூ வரை தரும்.

கோளாறுகள்

இலை சுருங்கி நீளவாக்கில் மடிந்தால் உடனே தண்ணீரைக் கூட்டாதீர்கள். வேரை நனைத்துப் பாருங்கள். பச்சையானால் தாகம்தான். பழுப்பாகவே நின்றால் வேர் செத்திருக்கிறது. வெட்டிவிட்டு, நிழலில் தொங்கவிட்டு, தினமும் மூன்று நான்கு தடவை லேசாகத் தெளித்துப் புது வேருக்குக் காத்திருங்கள். ஒன்றிரண்டு மாதம் ஆகலாம்.

குருத்து பழுப்பாகி, இழுத்தால் கையோடு வந்தால் அழுகல். இரவில் தேங்கிய தண்ணீரின் வேலை அது. நல்ல பகுதிவரை வெட்டி, வெட்டுவாயில் லவங்கப்பட்டைத் தூள் தடவுங்கள். தூள் வேரில் படக்கூடாது, வேரை உலர்த்திவிடும். குருத்து போனாலும் செடியைத் தூக்கி எறியாதீர்கள். அடித்தண்டிலிருந்து பக்கக்கன்று வர வாய்ப்பு உண்டு.

இலையடியில் செதில் பூச்சி, மாவுப்பூச்சி வந்தால் பழைய பல்துலக்கியால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தெடுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்போடு கலக்கி, வெயில் இறங்கியபின் வாரம் ஒன்றாக மூன்று தடவை. மழைக்காலத்தில் நத்தை இரவில் வந்து வேர் நுனியை மட்டும் தின்னும். டார்ச் அடித்துப் பொறுக்குவதே வழி.

பெருக்குவது

விதை தூசு போன்றது. தனக்குள் உணவு இல்லாததால் காட்டில் பூஞ்சையின் துணையோடும், வெளியில் ஆய்வகக் குடுவையிலும்தான் முளைக்கும். வீட்டில் செய்யக்கூடியது பக்கக்கன்றைப் பிரிப்பது. அதற்குச் சொந்தமாக மூன்று வேராவது, ஒவ்வொன்றும் விரல் நீளத்துக்கு வளர்ந்த பிறகு வெட்டுங்கள். அடியில் இலை உதிர்ந்து உயர்ந்துவிட்ட செடியையும் இதே கணக்கில், மூன்று வேருக்குக் கீழே வெட்டி மேல்பாதியைத் தனியாகக் கட்டலாம். கீழ்ப்பாதியை அப்படியே விடுங்கள்.

சில ஆண்டில் கட்டை உளுத்துப்போகும். அப்போது ஒட்டிய வேர்களைப் பிய்க்கத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு வேரும் உறை கிழிந்தே வரும். பழைய கட்டையோடு செடியைத் தூக்கி, பெரிய புதுக் கட்டையின் மேல் சேர்த்துக் கட்டிவிடுங்கள். அடுத்த பருவத்து வேர்கள் தாமாகவே புதுப் பட்டைக்கு இறங்கிவிடும்.