கோஸ்ட்பஸ்டர்ஸ்: முதல்முறை பார்ப்பவருக்கு எப்படிப் போட்டுக் காட்டுவது?

முதலில், டப்பிங் வேண்டாம். ஆங்கிலத்திலேயே சப்டைட்டிலோடு போடுங்கள். படத்தின் நாயகன் பில் முர்ரே குரலை உயர்த்தாமல், சாவகாசமாக வசனத்தை விடுவார். வேறொருவர் குரலில் அதில் பாதி செத்துப்போகும்.

கதையையும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். 1984-ல் வந்த படம், பேய் வரும், சிரிப்பும் வரும் என்றால் போதும். விளக்கை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள், ஏனென்றால் நியூயார்க் நூலகத்தில் நடக்கும் முதல் காட்சியில் ஒரு ஜோக் கூடக் கிடையாது. நூலகப் பெண்மணி தனியாக நடந்து போகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் இழுப்பறைகள் தானாகத் திறந்து, அட்டைகள் அள்ளிப் பறக்கின்றன. இயக்குநர் ஐவன் ரைட்மேன் அதை முழுப் பேய்ப்படமாகவே எடுத்திருக்கிறார். இங்கே பயந்தவர்தான் பின்னால் வாய்விட்டுச் சிரிப்பார்.

ஹோட்டல் காட்சி வரும்போது யாரையும் எழுந்து போக விடாதீர்கள். எனக்கு இந்தப் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பேய் பிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் முர்ரேயும் கூட்டாளிகளும், பேயைப் பிடிக்கிறோம் என்று விருந்து மண்டபத்தையே நொறுக்கிவிட்டு வெளியே வந்து பில் போடுகிறார்கள்: பிடித்ததற்கு 4,000 டாலர், அடைத்து வைக்க 1,000. மேனேஜர் தர மாட்டேன் என்கிறார். சரி, திரும்ப உள்ளேயே விட்டுவிடுகிறோம் என்று கிளம்புகிறார்கள். ஏசி சர்வீஸ் பார்க்கும் என் அக்கா மகன் இந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னான். பேய் பிடிப்பது இவர்களுக்கும் ஒரு தொழில்தான். சீருடை, வண்டி, கட்டணம், வாடிக்கையாளரோடு தகராறு எல்லாம் உண்டு. நாற்பது வருஷம் தாண்டியும் படம் பழசாகாததற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வேன்.

அடுத்து ரிக் மொரானிஸ். வரிக்கணக்கில் செலவு காட்டலாம் என்பதற்காக நண்பர்களை விட்டுவிட்டு வாடிக்கையாளர்களை விருந்துக்குக் கூப்பிட்ட கணக்காளர். பூதநாய் துரத்த அவர் ஓடிவந்து ஓட்டல் கண்ணாடியைத் தட்டிக் கதறுகிறார். உள்ளே சாப்பிடுகிறவர்கள் ஒரு விநாடி திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் பேச்சைத் தொடர்கிறார்கள். அவரைப் பார்த்தது போதும், அந்த முகங்களைப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். நாற்காலிக்குள்ளிருந்து கைகள் கிழித்துக்கொண்டு வந்து சிகோர்னி வீவரைப் பிடிக்கும் காட்சி நிஜமாகவே பயமுறுத்தும். பெரியவர்களுக்கான ஜோக்கும் இரண்டு மூன்று உண்டு. முர்ரே, வீவர் நடித்த பெண்ணைக் காதலிக்கச் சொல்லி விடாமல் துரத்துவது இன்று உறுத்துகிறது. வளர்ந்த பிள்ளைகளிடம் அதை நேராகவே பேசிவிடுங்கள்.

ராட்சத மார்ஷ்மெல்லோ பொம்மை தெருவில் நடந்து வரும்போது கிராஃபிக்ஸை எடைபோட வேண்டாம். அது ஆள் உள்ளே புகுந்து நடந்த உடை. கடைசியில் ஊரெல்லாம் வழியும் வெள்ளைக் கூழ் ஷேவிங் க்ரீம். பேய் பிடிப்பவர்களில் ஒருவராக வரும் டான் அய்க்ராய்டின் முகத்தைக் கவனியுங்கள். கூட நடித்த ஹரால்ட் ராமிஸோடு சேர்ந்து படத்தை எழுதியவர் அவர். ஆவிகளில் தலைமுறை தலைமுறையாக ஈடுபாடு கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் பரவசத்தில் நடிப்பு மட்டுமே இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் பாகத்தை அன்றைக்கே போடாதீர்கள். கொஞ்ச நாள் கழித்து இதையே இன்னொரு முறை பாருங்கள், அப்போது எர்னி ஹட்சனை மட்டும் பின்தொடருங்கள். மாதாமாதம் சம்பளம் வந்தால் எதை வேண்டுமானாலும் நம்புகிறேன் என்று சொல்லி வேலைக்குச் சேருகிறவர் அவர்தான்.