கோதுமையை நிறுத்தும் அவசரத்தில் நாம் செய்யும் தவறுகள்

வருடக்கணக்காக வயிறு உப்புசம், எதைச் சாப்பிட்டாலும் ஒத்துக்கொள்வதில்லை, காலையில் எழும்போதே உடம்பை அடித்துப்போட்டது போல ஒரு அசதி, டாக்டரிடம் போனால் ரிப்போர்ட் எல்லாம் நார்மல். இப்படித் தவிக்கிறவரிடம் யாராவது வந்து, கோதுமையில் இருக்கும் குளூட்டனை நிறுத்திப் பாருங்கள், எனக்கு நன்றாகக் கேட்டது என்று சொன்னால் அன்றைக்கே நிறுத்தத்தான் தோன்றும். நானும் அப்படித்தான் நிறுத்தினேன். ரொட்டி, பிஸ்கட், பாஸ்தா எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டேன், மூன்றாவது வாரத்தில் வயிறு லேசானது, நான்கு மாதம் அப்படியே போனது. பிறகு வேறு ஒரு காரணத்துக்காக டாக்டரிடம் போனபோது இதைச் சொன்னேன். குளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோய்க்கான பரிசோதனை எடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை, இனிமேல்தான் எடுக்கவேண்டும் என்றேன். இப்போது எடுத்துப் பயனில்லை என்றார்.

நான் பார்த்தவரை இதுதான் எல்லாரும் செய்கிற தவறு, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தவறும் இதுதான். முதலில் பரிசோதனை, அதற்குப் பிறகுதான் நிறுத்துவது. நாம் தலைகீழாகச் செய்கிறோம்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதத்தைத்தான் குளூட்டன் என்கிறோம். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்க ஆரம்பிக்கிறது. சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலின் உட்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய இழைகள் தட்டையாகிவிடுகின்றன. உலகத்தில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது, பலருக்கு இருப்பதே தெரியாது. இதைக் கண்டுபிடிக்க முதலில் ரத்தத்தில் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருளைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். குளூட்டன் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் நிற்கும். நிறுத்திச் சில மாதங்கள் ஆனால் அது குறைந்துவிடும், குடலும் ஆற ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் சோதித்தால் நோய் இருக்கிறவருக்கும் இல்லை என்று முடிவு வரலாம். அதை நம்பி அவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தால் குடல் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

சரியான முடிவு வேண்டுமானால், நிறுத்தியவர்கள் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும். நான் அப்படிச் சாப்பிட்டேன். காலையில் இரண்டு துண்டு ரொட்டி, இரவில் பாஸ்தா. மூன்றாம் நாளே வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது, பேன்ட் பட்டனைத் தளர்த்திக்கொண்டுதான் வேலைக்கு உட்கார்ந்தேன். முதலிலேயே ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் அந்த ஆறு வாரமே தேவைப்பட்டிருக்காது. இன்னொரு விஷயம், சோதனை எடுக்கும்போது ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு அது இயல்பிலேயே குறைவு, அவர்களுக்கு டி.டி.ஜி. முடிவு பொய்யாக நார்மல் என்று வரும்.

நிறுத்தினால் நன்றாக இருக்கிறது, பிறகு நோய்க்குப் பெயர் எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. பெயர் தெரிந்தால்தான் எவ்வளவு கண்டிப்பாக இருக்கவேண்டும் என்பது தெரியும். சீலியாக் என்றால் ஆயுள் முழுக்க, துணுக்குகூட விடாமல் தவிர்க்கவேண்டும், எலும்பின் அடர்த்தியைப் பார்க்கவேண்டும், இரும்புச்சத்தைப் பார்க்கவேண்டும், அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோரையும் சோதிக்கவேண்டும், ஏனென்றால் அவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு இருக்க வாய்ப்பு உண்டு. கோதுமை அலர்ஜி வேறு கதை. அதில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வரும், சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும், ஆனால் பார்லியும் ரையும் ஒத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டும் இல்லாமல் கோதுமை சாப்பிட்டால் கஷ்டப்படுகிறவர்கள் ஒரு பெரிய கூட்டம். அவர்களுக்கு வலியும் உப்புசமும் உண்மைதான், கற்பனை இல்லை. ஆனால் குற்றவாளி குளூட்டன்தானா என்பது வேறு கேள்வி. 2018ல் நார்வேயில் ஓர் ஆய்வு வெளிவந்தது. சீலியாக் இல்லாமல், தாங்களாகவே குளூட்டனை நிறுத்தியிருந்த 59 பேருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் மூன்று வகை தின்பண்டங்களை வாரத்துக்கு ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃபிரக்டான், ஒன்றில் இரண்டும் இல்லை. அதிகத் தொந்தரவு கொடுத்தது ஃபிரக்டான். குளூட்டன் சாப்பிட்ட வாரத்துக்கும் ஒன்றும் இல்லாத வாரத்துக்கும் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை. ஃபிரக்டான் என்பது கோதுமையில் இருக்கும் ஒரு வகைக் கார்போஹைட்ரேட், வெங்காயத்திலும் பூண்டிலும்கூட இருக்கிறது. என் முடிவும் சீலியாக் இல்லை என்றுதான் வந்தது. உணவு ஆலோசகரின் சொல்படி ஒவ்வொன்றாக நிறுத்திச் சேர்த்துப் பார்த்ததில், வெங்காயமும் பூண்டும்தான் என்னைப் படுத்தியிருக்கின்றன. அளவாக ரொட்டி சாப்பிட்டால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை.

அந்த "ஒவ்வொன்றாக" முக்கியம். பலர் குளூட்டனோடு சேர்த்துச் சர்க்கரை, பால், எண்ணெய்ப் பலகாரம், காபி எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் நிறுத்துகிறார்கள். பத்து நாளில் உடம்பு தேறுகிறது, பெயர் குளூட்டனுக்குப் போகிறது. எது உதவியது என்று எப்படித் தெரியும்? ஒரு நோட்டில் தேதி போட்டு என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு வயிறு உப்பியது, தூக்கம் எப்படி என்று எழுதிவையுங்கள். இரண்டு வாரக் குறிப்பு இருந்தால்கூட டாக்டருக்கு அது பெரிய உதவி. அப்புறம், உணவு ஒவ்வாமை கண்டுபிடிக்கிறோம் என்று ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளை ரத்தத்தில் பார்த்து உணவுப் பட்டியல் கொடுக்கும் சோதனையை விற்கிறார்களே, அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். நாம் அடிக்கடி எதைச் சாப்பிடுகிறோம் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும்.

சீலியாக் என்று உறுதியானவர்களுக்கு நேர் எதிரான தவறு ஒன்று இருக்கிறது, அரைகுறையாக இருப்பது. வாரத்தில் ஒருநாள்தானே, விசேஷ வீட்டில் ஒரு வாய்தானே என்று. தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடலில் சேதம் தெரிகிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஒரு துண்டு ரொட்டியில் ஏறக்குறைய 2 கிராம் இருக்கும். அந்தத் துண்டை நாற்பதாகப் பிய்த்து அதில் ஒன்றை விரல் நுனியில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான் கணக்கு. அந்த அளவு எங்கிருந்து வேண்டுமானாலும் வரும்: எல்லாரும் போடும் டோஸ்டர், ரொட்டித்துகள் ஒட்டிய கத்தி போய் வந்த வெண்ணெய் டப்பா, பாஸ்தா வடிகட்டிய சல்லடை, மாவு தடவியதை முன்பே பொரித்த எண்ணெய். டோஸ்டரும் சல்லடையும் தனியாக வைத்துக்கொள்வது நல்லது, மற்ற பாத்திரங்களை நன்றாகக் கழுவினால் போதும்.

லேபிளில் "கோதுமை இல்லை" என்று இருந்தால் குளூட்டன் இல்லை என்று அர்த்தமில்லை, பார்லி இருக்கலாம். மால்ட் என்று பார்த்தால் அது பெரும்பாலும் பார்லிதான். சோயா சாஸில் பொதுவாகக் கோதுமை உண்டு. மைதா, ரவை இரண்டும் கோதுமையே. ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் கிடையாது, ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடும், அதனால் குளூட்டன் இல்லாதது என்று தனியாகக் குறித்ததையே வாங்கவேண்டும். சிலருக்கு அதுவும் சேராது. அந்தக் குறிப்பு இருக்க வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது சர்வதேச அளவுகோல்.

இன்னொரு பக்கம், குளூட்டன் இல்லாத பாக்கெட் உணவு என்றாலே ஆரோக்கியம் என்று நினைத்துவிடுகிறோம். குளூட்டன் இல்லாமல் ரொட்டி உப்பி நிற்க, வெறும் ஸ்டார்ச்சும் கொழுப்பும் சர்க்கரையும் அதிகமாகச் சேர்ப்பார்கள், நார்ச்சத்து குறைவாக இருக்கும், பல நாடுகளில் கோதுமை மாவில் சேர்க்கும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இதில் இருப்பதில்லை. மலச்சிக்கலும் எடை ஏறுவதும் இதனால்தான். அரிசி, சோளம், சிறுதானியம், பருப்பு, உருளைக்கிழங்கு, காய்கறி, முட்டை, மீன் இவை எல்லாம் இயற்கையிலேயே குளூட்டன் இல்லாதவை, சாப்பாட்டை இவற்றை வைத்து அமைத்துக்கொண்டால் பாக்கெட் எப்போதாவது போதும்.

சீக்கிரமே மனம் விட்டுவிடுவதும் நடக்கிறது. வயிற்றுத் தொந்தரவு சில வாரத்தில் குறையலாம், ரத்தசோகை சரியாக மாதங்கள் ஆகும், பெரியவர்களுக்குக் குடல் முழுதாக ஆற இரண்டு வருடம்கூடப் பிடிக்கலாம். குடல் புண்ணாக இருக்கும் காலத்தில் பால் ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு, பலருக்குப் பிறகு சரியாகிவிடும்.

உணவை மாற்றிவிட்டோம் என்று தைராய்டு மாத்திரையையோ மூட்டுவலி மருந்தையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, தீராத ரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தால்கூட உணவுப் பரிசோதனையில் நாளைக் கடத்தாமல் டாக்டரைப் பாருங்கள். குழந்தைகளுக்கு இதை வீட்டிலேயே ஆரம்பிக்கவே கூடாது, வளர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள், மறுபடி சாப்பிடுவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்றால், டாக்டரிடம் எச்.எல்.ஏ. மரபணுச் சோதனை பற்றிக் கேளுங்கள். அதற்குக் குளூட்டன் சாப்பிடவேண்டியதில்லை. சீலியாக்கோடு தொடர்புள்ள டி.கியூ.2, டி.கியூ.8 என்ற மரபணு வகைகள் இரண்டும் இல்லை என்று வந்தால் சீலியாக் இருக்க வாய்ப்பு அநேகமாக இல்லை, அந்த ஆறு வாரமும் மிச்சம். இருக்கிறது என்று வந்தால் நோய் இருக்கிறது என்று முடிவு கட்டவேண்டாம், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்த மரபணு உண்டு, அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதே இல்லை. அப்போதுதான் ரொட்டியை மறுபடி எடுப்பதா வேண்டாமா என்று டாக்டரோடு உட்கார்ந்து பேசவேண்டியிருக்கும்.