சுண்டை வற்றல்: வீட்டிலேயே போடலாம், அளவாகச் சாப்பிடலாம்

சுண்டை வற்றல் பொடி நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. ஆன்லைனில் கேப்ஸ்யூலாகவே விற்கிறார்கள். மொட்டை மாடியும் சித்திரை வெயிலும் இருக்கும்போது அதற்கு எதற்குக் காசு?

கடையில் மலைச்சுண்டை என்று கேட்டு வாங்குங்கள். பால் சுண்டையில் கசப்பு குறைவு, அதைப் பச்சையாகக் குழம்பில் போட்டுவிடலாம். காய் பச்சைப் பசேலென்று, அழுத்தினால் அமுங்காமல் இருக்க வேண்டும். மஞ்சள் தட்டியிருந்தால் முற்றல், வாயெல்லாம் விதை.

காம்பைக் கிள்ளிவிட்டு, அம்மியில் வைத்துக் குழவியால் லேசாக ஒரு தட்டு. வாய் பிளந்தால் போதும், நசுங்கக் கூடாது. மிக்ஸி இதற்கு ஆகாது. தட்டியதைத் தண்ணீரில் அலசினால் பாதி விதை போய்விடும். அரைக் கிலோ காய்க்குப் புளித்த மோர் அரை லிட்டர், கல் உப்பு இரண்டு மேசைக்கரண்டி. ராத்திரி ஊறட்டும். காலையில் காயை வடித்து வெயிலில் பரப்புங்கள். மோர்ப் பாத்திரத்தையும் பக்கத்திலேயே வையுங்கள். சாயங்காலம் காயைத் திரும்ப அதே மோரில் போடுங்கள். மூன்று நாலு நாளில் மோர் முழுவதையும் காய் இழுத்துக்கொள்ளும். அப்புறம் சும்மா காயவிட வேண்டியதுதான். கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரணும். வராமல் டப்பாவில் அடைத்தால் பூஞ்சைதான்.

நல்லெண்ணெயில் கருஞ்சிவப்பாக வறுத்து, ஏழெட்டு வற்றலைச் சுடுசோற்றில் நொறுக்கி, நெய் விட்டு முதல் பிடியாகச் சாப்பிடுங்கள். விருந்து சாப்பிட்ட மறுநாள் வயிறு மந்தமாக இருக்கும்போது எங்கள் வீட்டில் இதுதான் வைத்தியம். பிள்ளை பெற்றவர்களுக்குச் செய்யும் அங்காயப் பொடியில் இதோடு வேப்பம்பூ, மணத்தக்காளி வற்றல், சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம் எல்லாம் சேரும். சித்த மருத்துவத்தில் கழிச்சலுக்கு மோரில் கலந்து கொடுக்கும் சுண்டை வற்றல் சூரணம் வேறு. அதில் மாங்கொட்டைப் பருப்பு, மாதுளை ஓடு, ஓமம், வெந்தயம், கறிவேப்பிலை, நெல்லி வற்றல் சேரும். அதைச் சித்த மருத்துவரிடம் காட்டி வாங்குங்கள், நாமாக இடிக்க வேண்டாம்.

சுண்டைக்காய் வயிற்றுப் பூச்சியைக் கொல்லும் என்று பாட்டிமார் சொல்வார்கள். சொல்லட்டும். பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாளில் கொடுக்கிற அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். வற்றலைத் தின்றால் ரத்தம் ஊறும் என்று சொல்லிக்கொண்டு சோகையைத் தள்ளிப்போடுவதும் சரியில்லை. ரத்தப் பரிசோதனைக்கு ஒரு காலைப் பொழுது போதும். சர்க்கரைக்காரர்கள் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது உப்பு, அது வற்றலில் நிறையவே இருக்கிறது.

கேப்ஸ்யூல் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம், கசப்பு தெரியாமலே உள்ளே போய்விடுகிறது. சுண்டை போன்ற கத்தரி இனத்துக் காய்களில் கசப்பு ஏறினால் நஞ்சும் ஏறியிருக்கலாம். ஜமைக்காவில் இதே காயை உப்பு மீனோடு சமைப்பார்கள். அதைத் தின்று நாக்குக் குழறி, நடை தள்ளாடி மருத்துவமனைக்குப் போனவர்களும் உண்டு. நாக்கு ஒதுக்குகிற அளவு கசந்தால் துப்பிவிடுங்கள். கர்ப்பிணிகள் குழம்பில் நாலு வற்றலோடு நிறுத்திக்கொள்ளலாம், பொடி வேண்டாம்.