புது போனைப் பழைய போனோடு ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது போனுக்கு மாறிய இரண்டாம் நாளே பலர் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள்: "பழையதே தேவலை, இதில் சார்ஜே நிற்கவில்லை." அவசரப்பட்டுச் சொல்வது இது. முதல் சில நாட்கள் போனுக்குப் பின்னணியில் ஏகப்பட்ட வேலை இருக்கும். பழைய போனிலிருந்து வந்த படங்களை முகம் வாரியாகப் பிரிக்கும், தேடுவதற்கு வசதியாக எல்லாவற்றையும் வரிசைப்படுத்தும், ஆப்களை ஒவ்வொன்றாக அப்டேட் செய்யும். சார்ஜ் இறங்குவதும் போன் சூடாவதும் பெரும்பாலும் இதனால்தான். ஆண்ட்ராய்டில் 2018-ல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து அடாப்டிவ் பேட்டரி என்ற வசதி உண்டு. எந்த ஆப்பை நீங்கள் அடிக்கடி திறக்கிறீர்கள் என்று பார்த்துப் பழகிய பிறகே, அது மற்றவற்றைக் கட்டுப்படுத்தத் தொடங்கும். ஒரு வாரமாவது வழக்கம்போலப் பயன்படுத்திவிட்டு பேட்டரியைப் பற்றிப் பேசுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. தேய்ந்துபோன பழைய பேட்டரியைப் புதிதோடு ஒப்பிட்டு, "ஆகா, இரண்டு மடங்கு நிற்கிறது" என்று மகிழ்வது. லித்தியம் அயான் பேட்டரி ஒவ்வொரு முறை சார்ஜ் ஆகும்போதும் கொஞ்சம் தேயும். ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படியும், ஐபோன் 15 மாடல்கள் 1,000 சுற்றுகள் வரை அப்படித் தாங்கும்படியும் வடிவமைக்கப்பட்டதாக ஆப்பிள் சொல்கிறது. எனவே மூன்று வருடம் உழைத்த போனில் நீங்கள் பார்ப்பது அதன் முழு பலம் கிடையாது. வேகமும் அப்படித்தான். ஸ்டோரேஜ் நிரம்பி வழியும் போன் திணறும், காலியாக இருப்பது பறக்கும். பழைய போனில் இடத்தைக் காலி செய்துவிட்டு, பேட்டரியின் ஆரோக்கியத்தையும் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். பேட்டரியை மட்டும் மாற்றினாலே போதும் என்று சிலருக்குத் தெரியவரும். அது நல்ல செய்திதான்.

கேமராவில்தான் அதிகம் ஏமாறுகிறோம். பழைய போனில் எடுத்த படத்தை அதன் திரையிலும், புதியதில் எடுத்ததை அதன் திரையிலும் வைத்துப் பார்த்தால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு திரைகளை. ஓஎல்இடி திரையில், அதுவும் நிறங்களைத் தூக்கலாகக் காட்டும் விவிட் மோடில், எந்தப் படமும் பளிச்சென்று தெரியும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே தூரத்திலிருந்து எடுத்த படங்களை ஒரே திரையில் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். வெளிச்சம் கூடுதலாக உள்ள படம் முதல் பார்வையில் எப்போதும் நன்றாகவே தோன்றும். அதனால் பெரிதாக்கி, நிழல் பகுதி, தலைமுடி, ஓடும் குழந்தையின் கை ஆகியவற்றைக் கவனியுங்கள். மெகாபிக்சல் எண்ணை நம்பி முடிவுக்கு வர வேண்டாம். 200 மெகாபிக்சல் கேமரா வழக்கமான மோடில் 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து சுமார் 12.5 மெகாபிக்சல் படத்தையே தரும். சென்சாரின் அளவும் லென்ஸின் தரமும் அதைவிட முக்கியம்.

செட்டிங்ஸைத் தொடாமலே குறை சொல்வது இன்னொரு தவறு. 120 ஹெர்ட்ஸ் திரை, அதாவது நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரை வாங்கியிருப்பீர்கள், அது 60-ல் ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டு போனிலும் வெளிச்சத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கருக்கும் இதேதான், சத்தம் கூடுதலாக வருவது நல்ல ஒலியாகவே காதுக்குப் படும்.

சிக்னல் கோடுகளை எண்ண வேண்டாம். சிக்னலின் வலிமையை அளக்கும் அலகு டிபிஎம். எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு என்று எல்லாருக்கும் பொதுவான விதி இல்லை, போனுக்குப் போன் மாறும். பல போன்களில் சிம் நிலை பக்கத்தில் அந்த எண்ணையே பார்க்கலாம்: மைனஸ் 85 என்பது மைனஸ் 105-ஐவிட வலுவான சிக்னல். ஒரே சிம்மை, ஒரே இடத்தில், இரண்டிலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டும் 4ஜியிலோ 5ஜியிலோ ஒரே நெட்வொர்க்கில் இருக்கட்டும்.

வேகச் சோதனை ஆப்கள் தரும் மதிப்பெண்ணுக்கும் ஓரளவுக்கு மேல் மதிப்பு கொடுக்காதீர்கள். 2022-ல் சில சாம்சங் கேலக்ஸி போன்களைக் கீக்பெஞ்ச் என்ற சோதனை ஆப் தன் மதிப்பெண் பட்டியலிலிருந்து நீக்கியது. கேம்கள் உள்ளிட்ட பல ஆப்களின் வேகத்தை அந்த போன்கள் குறைத்தன, சோதனை ஆப்பை மட்டும் விட்டுவைத்தன. நீங்கள் அன்றாடம் திறக்கும் ஆப்களை அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடான பிறகும் அதே வேகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், பழைய போனை உடனே அழித்துவிடாதீர்கள். ஒப்பிட அது கையில் வேண்டும். திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள். வங்கி ஆப், இரண்டடுக்குப் பாதுகாப்புக் குறியீடு தரும் ஆப், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாம் புதியதில் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகே, பழையதில் எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட். அதற்கு முன் கூகுள் கணக்கை நீக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால், அடுத்து வாங்குபவர் திறக்கும்போது அந்த போன் உங்கள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கக்கூடும்.