மட்டி அள்ளுமுன் தண்ணீரைப் பாருங்கள்

கடலூர் உப்பனாற்றிலோ பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்துவாரத்திலோ தண்ணீர் சிவந்து, பழுப்பேறிக் கிடந்தால் மட்டி அள்ளாதீர்கள். தெளிந்த மறுநாளும் வேண்டாம். மட்டி வடிகட்டித் தின்ற நச்சுப்பாசியின் சாக்சிடாக்சின் என்னும் நரம்பு நஞ்சு சதையில் வாரக்கணக்கில் தங்கும். எல்லாச் சிவப்பும் விஷமல்ல, எல்லாத் தெளிவும் பத்திரமல்ல. ஆய்வகச் சோதனைதான் சொல்லும்: கிலோ சதைக்கு 800 மைக்ரோகிராம் சாக்சிடாக்சின்தான் வரம்பு.

கொதிக்க வைத்தாலும், உறைய வைத்தாலும், புளி கரைத்து ஊற்றினாலும் இந்த நஞ்சு போகாது. வேகும்போது கொஞ்சம் சாற்றில் இறங்கும். அந்தச் சாற்றைத்தான் நாம் ருசித்துக் குடிக்கிறோம்! குடல் நீக்கிய மீனில் இந்த ஆபத்து குறைவு.

சாப்பிட்ட அரைமணி, ஒருமணியில் உதடு மரத்து, விரல்நுனி குறுகுறுத்தால் உடனே 108. முறிமருந்து இல்லை, மூச்சுத் தசை முடங்கினால் வென்டிலேட்டர்தான் காப்பாற்றும். மிச்ச மட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.