காப்பகத்திலிருந்து வீட்டுக்கு ஒரு நாய்: நம்ம கடற்கரைக்காரர்களுக்கு

காப்பகத்துக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் நிற்பது குட்டிகள் இருக்கும் கூண்டு முன்னால்தான். பாதிப் பேர் அங்கேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதல்முறை வளர்ப்பவர்கள், அதிலும் சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள், ஒன்றரை வயது தாண்டிய நாயைப் பாருங்கள். குட்டி வளர்ந்தால் என்ன குணம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வளர்ந்த நாயிடம் அது கண்ணெதிரே தெரிகிறது. குட்டிக்குப் பல் விழுந்து முளைத்து முடிய ஆறேழு மாதம் ஆகும். அதுவரை அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். வலையும் தங்கூசி என்கிற நைலான் நரம்பும் தூண்டில் முள்ளும் திண்ணையில் கிடக்கும் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. முள்ளை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் ஆபரேஷன் வரை போய்விடும்.

முதல் படி: போவதற்கு முன் வீட்டில் பேசி முடியுங்கள்

யார் சோறு வைப்பது, யார் காலையில் நடத்திக் கூட்டிப்போவது, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது. கடலுக்குப் போகிறவர் தலையில் மட்டும் இதைக் கட்டாதீர்கள். விசைப்படகு வீடுகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், ஆள் வீட்டில்தான் இருப்பார், அப்போது எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்கலாம். ஆனால் நாய் அவரிடமே ஒட்டிக்கொண்டால், அவர் திரும்பத் தொழிலுக்குப் போன ராத்திரி தெருவே தூங்காது. எப்போதும் வீட்டில் இருப்பவர் கையால் முதல் நாளிலிருந்து சோறு போகட்டும்.

பக்கத்து வீட்டில் கருவாடு காயப்போடுவார்கள் என்றால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒருவர் மனசில்லாமல் தலையாட்டினாலும் இப்போதைக்கு வேண்டாம்.

இரண்டாம் படி: எந்த நாய்?

நம்ம மாவட்டத்துப் பெயரோடு இராமநாதபுரம் மந்தை நாய் என்றே ஒன்று இருக்கிறது, பெருமைதான். ஆனால் மந்தை, சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த வகைகள். வாசலில் ஆடும் கோழியும் மேயும் வீட்டில், ஓடுவதைத் துரத்தும் அந்தச் சுபாவத்தை அடக்குவது புதியவருக்குச் சிரமம். வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாமையும் உண்டு. பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். யாரோ வாங்கிக் கைவிட்ட ஹஸ்கியும் பக்கும் காப்பகத்துக்கு வந்து சேர்கின்றன. பாவம்தான், ஆனாலும் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அடர்ந்த முடியும் சப்பை மூக்கும் படும் பாட்டைப் பார்க்க முடியாது. தெருவில் பிறந்த சாதாரண நாட்டு நாய்க்குக் குட்டை முடி, வெயில் தாங்கும். அதுவே போதும்.

மூன்றாம் படி: பராமரிப்பவரிடம் கேளுங்கள்

“நல்ல நாயாண்ணே?” என்று கேட்டால் “நல்ல நாய்தான்” என்றுதான் பதில் வரும். “சோறு வைக்கிறப்போ பக்கத்துல வேற நாய் வந்தா என்ன செய்யும்? கோழியைப் பார்த்தா? நீங்க குளிப்பாட்டுறப்போ காலைப் பிடிக்க விடுமா? இதுக்கு முன்னால யாராச்சும் எடுத்துட்டுத் திருப்பி விட்டாங்களா?” என்று கேளுங்கள். தினமும் சோறு வைப்பவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

நான்காம் படி: உட்கார்ந்து பாருங்கள்

இதற்குத்தான் நேரம் வேண்டும். முதல் தடவை பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். கூண்டுக்குள் எல்லா நாயும் குரைக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வெளியே திறந்த இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பிக் குந்தி உட்காருங்கள். கையை நீட்ட வேண்டாம். கொஞ்ச நேரத்தில் தானாக வந்து மோந்து பார்த்து, உடம்பு தளர்ந்து, இடுப்போடு சேர்த்து வாலை ஆட்டினால் நல்ல அறிகுறி.

வால் ஆடுவது மட்டும் போதாது. வால் விறைத்து மேலே நின்று நுனி மட்டும் படபடவென்று ஆடி, உடம்பு மரக்கட்டையாக இருந்தால் விலகி இருங்கள். சும்மா சும்மா கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் பயத்தின் அடையாளம். பயந்த நாய் கெட்ட நாய் இல்லை. ஆனால் ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகள் வீட்டுக்கு அது சரிவராது.

நெருங்கிய பிறகு பராமரிப்பவர் பக்கத்தில் நிற்க, தோள், முதுகு, காது, பாதம் என்று மெதுவாகத் தொடுங்கள். பாதத்தைத் தொட விடுவது நமக்கு முக்கியம்: சீமைக்கருவேல முள் ஏறாத நாய் இந்த மாவட்டத்தில் கிடையாது. தூரத்தில் ஒரு தட்டைக் கீழே போடச் சொல்லுங்கள். திடுக்கிட்டுப் பிறகு நிதானத்துக்கு வந்தால் சரி. கச்சான் காற்றில் தகரக் கூரை அடித்துக்கொள்ளும் வீடுகளுக்கு இந்தச் சோதனை கட்டாயம். சோற்றுத் தட்டில் கைவைத்துப் பார்க்கும் வீரம் மட்டும் வேண்டாம். அடுத்த முறை பிள்ளைகளோடு போங்கள், ஓடச் சொல்லாமல் நடக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: உடம்பும் காகிதமும்

ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலா என்று ரத்தப் பரிசோதனை கேளுங்கள். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள். காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் பெரும்பாலும் கருத்தடை முடிந்த நாய். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதியோடு அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: வந்த பிறகு

முதல் சில நாள் பயத்தில் பதுங்கியே கிடக்கும், அதை அமைதி என்று எண்ண வேண்டாம். உண்மைக் குணம் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதுவரை பிள்ளைகளோடு தனியாக விடாதீர்கள், கோழியைக் கூண்டில் அடையுங்கள். விளையாட்டில் பல் பட்டால்கூட ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று சும்மா இருக்கக் கூடாது.

கடற்கரைக்குச் சங்கிலியோடு மட்டும். வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீன் மணலில் கிடக்கும். நாய்க்கு அது விஷம். தின்றது தெரிந்தால் வாந்தி வருகிறதா, கால் தள்ளாடுகிறதா என்று காத்திருக்காதீர்கள். அந்த விஷத்துக்கு மாற்றுமருந்து இல்லை, மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போக வேண்டும். அவர் நம்பரை நாய் வருவதற்கு முன்பே போனில் போட்டு வையுங்கள்.