மெதுவாக நடப்பவர்கள் கைக்கடிகாரத்தில் அணைத்து வைக்க வேண்டிய ஒன்று

இரணைமடுக் குளக்கட்டில் காலையில் நடக்க வருபவர்களில் பலரது கையில் இப்போது விளையாட்டுக் கைக்கடிகாரம் இருக்கிறது. கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ பிள்ளைகள் அனுப்பியது. கட்டிக்கொண்டதோடு சரி, அமைப்புகளைத் திறந்து பார்ப்பவர் குறைவு. உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்பதால் முறைப்பாடுகள் என்னிடம் வந்து சேர்கின்றன. "சேர், ஒரு மணித்தியாலம் நடந்தேன், இது நாற்பது நிமிடம் என்கிறது."

கடிகாரம் பழுதில்லை. 'ஓட்டோ போஸ்' என்ற தானியங்கி இடைநிறுத்தம் இயங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் நின்றுவிட்டதாகக் கடிகாரம் நினைத்தால் நேரத்தையும் தூரத்தையும் நிறுத்திவைக்கும். நீங்கள் நகர்ந்ததும் மீண்டும் தொடங்கும். சமிக்ஞை விளக்கில் நிற்கும் ஓட்டக்காரருக்கு இது நல்ல ஏற்பாடு. மெதுவாக நடப்பவருக்குத் தொல்லை.

ஏனென்றால் நின்றீர்களா நடந்தீர்களா என்பதைக் கடிகாரம் ஊகிக்கத்தான் செய்கிறது. ஜிபிஎஸ் தரும் வேகம் ஒரு சான்று, கையின் அசைவை உணரும் முடுக்கமானி இன்னொன்று. திறந்த வெளியிலேயே ஜிபிஎஸ் சில மீற்றர் பிசகும். மணிக்கு 12 கிலோமீற்றரில் ஓடுபவர் ஒரு செக்கனில் மூன்று மீற்றருக்கு மேல் கடந்துவிடுவதால் அந்தப் பிசகு அவரைப் பெரிதாகப் பாதிக்காது. மணிக்கு 3 கிலோமீற்றரில் நடப்பவர் ஒரு செக்கனில் ஒரு மீற்றர்கூட நகர்வதில்லை. அவருடைய நடையும் ஜிபிஎஸ்ஸின் தடுமாற்றமும் ஒரே அளவில் இருக்கின்றன. குளக்கட்டில் வானம் திறந்திருப்பதால் ஓரளவு தப்பலாம். ஒட்டுசுட்டான் பக்கம் பாலையும் வீரையும் கவிந்த காட்டுப் பாதையில் நிலைமை இன்னும் மோசம்.

கை அசைவை நம்புவதிலும் சிக்கல் உண்டு. முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைக் கவனியுங்கள். இரண்டு கைகளும் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்திருக்கும், உடல் முன்னே சாய்ந்திருக்கும், கால்கள் மணலில் புதைந்து புதைந்து எழும். மனிதருக்கு வியர்வை ஊற்றும், ஆனால் மணிக்கட்டு ஆடாது. தலையில் விறகு சுமப்பவருக்கும் நடைச்சட்டம் பிடித்து நடப்பவருக்கும் இதே கதைதான்.

செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு நடை பழகுபவர்கள் எங்கள் பக்கத்தில் பலர். அவர்களுக்கு நான் இதைக் கண்டிப்பாகவே சொல்வேன். 3 கிலோமீற்றரை இடையிடையே உட்கார்ந்து எழுந்து 60 நிமிடத்தில் முடித்தால், ஒரு கிலோமீற்றருக்கு 20 நிமிடம். உட்கார்ந்த 20 நிமிடத்தைக் கடிகாரம் கழித்துவிட்டால் அது 13 நிமிடம் 20 செக்கனாகத் தெரியும். பார்க்க அழகான கணக்கு, சிகிச்சை தருபவருக்குப் பயனில்லை. ஓய்வு நேரம் வாரத்துக்கு வாரம் குறைகிறதா என்றுதான் அவர் பார்க்க வேண்டும். உட்கார்ந்த பின் இதயத் துடிப்பு எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்ற பதிவும் இடைநிறுத்தத்தில் பெரும்பாலும் தவறிப்போகும்.

ஆகவே அணைத்துவிடுங்கள். கார்மின் கடிகாரங்களில் இந்தத் தெரிவு ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் தனித்தனி. ஓட்டத்தில் அணைத்தால் நடையிலும் அணைந்ததாக எண்ண வேண்டாம். நடைக்குரிய அமைப்புகளுக்குள் போய் 'ஓட்டோ போஸ்' என்பதை நிறுத்துங்கள். அப்பிள் கடிகாரத்தில் அமைப்புகளுக்குள் உடற்பயிற்சிப் பகுதியில் அது இருக்கும். அங்கே அது வெளிப்புற ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் மட்டுமே உரியது. நடை என்று தெரிவு செய்து தொடங்கினாலே பிரச்சினை இல்லை. நடக்கப் போகிறவர் 'ஓட்டம்' என்பதை அழுத்திவிட்டு வந்து என்னிடம் முறையிடுவதுதான் வழக்கம்.

அணைத்த பிறகு ஓய்வு நேரத்தைப் பிரித்தறிய வழி இருக்கிறது. உட்காரும்போது ஒரு தடவை 'லாப்' பொத்தானை அழுத்துங்கள், எழும்பும்போது மறுபடி அழுத்துங்கள். ஓய்வு தனிப் பகுதியாகப் பதிவாகும். அப்பிள் கடிகாரத்தில் திரையை இருமுறை தட்டினால் பகுதி பிரியும். கார்மின் செயலியோ பின்னர் மொத்த நேரம், நகர்ந்த நேரம் இரண்டையும் தனித்தனியே காட்டிவிடும்.

உடற்பயிற்சிப் பதிவுகளைப் பகிரும் செயலியான ஸ்ட்ராவாவில் ஏற்றுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கடிகாரத்தில் அணைத்திருந்தாலும் ஸ்ட்ராவா நகர்ந்த நேரத்தைத் தானே கணக்கிடும். ஓட்டம் என்று பதிந்தால், ஒரு மைலுக்கு 30 நிமிடத்தைவிட மெதுவான பகுதிகளை நின்றதாகவே எடுத்துக்கொள்ளும். அது மணிக்கு ஏறத்தாழ 3.2 கிலோமீற்றர். எங்கள் மாமிமாரின் நடை அதற்குக் கீழேதான்.

இந்த வசதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏ9 வீதியில் சைக்கிள் ஓடுபவர் வைத்திருக்கட்டும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக் கொறித்துவிட்டு ஏறுகிறவருக்கு அந்த நேரம் சராசரி வேகத்தில் சேரத் தேவையில்லை. சைக்கிள் வேகத்துக்கும் நிற்பதற்கும் உள்ள இடைவெளி பெரிது, கடிகாரம் குழம்பாது. கார்மினில் எந்த வேகத்துக்குக் கீழே நிறுத்த வேண்டும் என்று நாமே குறிக்கலாம். மணல் வீதியில் ஓடுபவர் அதைத் தாழ்த்தி வைப்பது நல்லது.

செல்வச்சந்நிதியிலிருந்து வற்றாப்பளை வழியாகக் கதிர்காமம் நடக்கும் அடியார்களிலும் கடிகாரம் கட்டியவர்களைக் காண்கிறேன். பகல் முழுவதும் இடைநிறுத்தத்தை அணைத்தே வைத்திருங்கள். இரவில் தங்கும்போது பதிவை முடித்துச் சேமித்துவிட்டு, மறுநாள் புதிதாகத் தொடங்குங்கள். மதியத்தில் நீண்ட நேரம் மடத்தில் படுப்பதானால் கார்மினில் நிறுத்திவிட்டு, 'பிறகு தொடர்க' என்ற தெரிவை எடுங்கள். ஜிபிஎஸ் ஓய்ந்து மின்கலமும் மிஞ்சும். தொடரும்போது செய்மதித் தொடர்பு கிடைத்துவிட்டதா என்று பார்த்துவிட்டே முதல் அடியை வையுங்கள்.